கென்யாவின் கைபேசிப் பணமும் செட்டிநாட்டுப் பேரேடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதார வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பஞ்சம், போர், தொற்றுநோய் ஆகிய மூன்றையும் விட்டால் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத நம் பத்திரிகைகளுக்கு வேறு எதுவும் கிடைப்பதில்லை என்ற நிலையில், ஒரு முழுப் பக்கத்தை இதற்கு ஒதுக்கியமைக்குப் பாராட்டுகள். ஆயினும், கென்யாவின் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை அந்நாட்டின் வறுமையை ஒழித்துவிட்டதாக ஆய்வாளர்கள் மெய்ப்பித்துவிட்டார்கள் என்ற பொருளில் அதில் வந்துள்ள வரிகள், அந்த ஆய்வு சொன்னதைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகின்றன. கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், கொடுக்கல் வாங்கலையே வரலாறாகக் கொண்ட வட்டாரத்தில் வாழ்பவன் என்ற முறையிலும் இதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எம்-பெசாவை கென்யாவின் கைபேசி நிறுவனமான சஃபாரிகாம் 2007 மார்ச்சில் தொடங்கியது. அதன் பின்னணியில், சஃபாரிகாமில் பங்கு வைத்திருந்த வோடஃபோன் நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் அரசின் வெளிநாட்டு உதவித் துறை அளித்த நிதியும் இருந்தது. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகக் கட்டுவதற்கான ஏற்பாடாகத்தான் அதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்களோ, நைரோபியில் சம்பாதிப்பதை ஊரில் இருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்ப அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனமும் அதைக் கண்டுகொண்டு, கடன் தவணையை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்பதையே விளம்பரமாக்கிக்கொண்டது.

இந்தச் சேவையின் உயிர் கைபேசியில் இல்லை, முகவர் கடையில் இருக்கிறது என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெட்டிக்கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் தம் கணக்கில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் மின்னிருப்பிலிருந்து அதே தொகையை வாடிக்கையாளரின் எண்ணுக்கு மாற்றுகிறார். இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. அடையாள அட்டை எண்ணையும் தொகையையும் கடையில் இருக்கும் நோட்டில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் தொடக்க ஆண்டுகளில் வழக்கமாக இருந்தது. நகரத்துக் கடைகளில் எல்லாரும் பணம் செலுத்த வருவதால் மின்னிருப்பு தீர்ந்துபோகும். கிராமத்துக் கடைகளில் எல்லாரும் பணம் எடுக்க வருவதால் ரொக்கம் தீர்ந்துபோகும். ஆகவே கடைக்காரர் அடிக்கடி வங்கிக்கு ஓடி ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கி வர வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஆகும் பேருந்துக் கட்டணம், கடையை மூடி வைத்த நேரத்தில் போன வியாபாரம், வழியில் திருட்டுப் பயம் ஆகியவற்றைக் கழித்தால் கிடைக்கும் தரகு எவ்வளவு என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பர்மாவில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் ரங்கூனிலிருந்து அங்குள்ள உள்ளூர்க் கடைகளுக்கு ரொக்கம் அனுப்பிய முறையைத் தம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கும் செட்டிநாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இராது.

இனி ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பணியாற்றும் தவ்நீத் சூரியும், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜாக்கும் 2014-இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய், வேலையிழப்பு, விளைச்சல் பொய்த்தல் போன்ற திடீர் இடி விழும்போது, கைபேசிப் பணம் பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு சுமார் 7 சதவீதம் குறைந்ததென்றும், பயன்படுத்திய குடும்பங்களின் நுகர்வு அவ்வாறு குறையவில்லையென்றும் அதில் காட்டினார்கள். காரணமும் தெளிவானது. இடி விழுந்த வீட்டுக்கு உறவினரும் நண்பரும் பல இடங்களிலிருந்து சிறு சிறு தொகைகளாக அனுப்ப முடிந்தது. அனுப்பும் செலவு குறைந்ததால் உதவும் கைகள் கூடின. நான் படித்தவற்றில் மிகவும் உறுதியான முடிவுகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

தங்கள் கட்டுரையாளர் எடுத்தாண்டது 2016-இல் சயன்ஸ் இதழில் அவ்விருவரும் எழுதிய இரண்டாவது கட்டுரையை. வீட்டுக்கு அருகில் முகவர் கடைகள் பெருகிய பகுதிகளையும் பெருகாத பகுதிகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து வெளியேறியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறு வணிகத்தை முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டதாகவும், பெண்கள் தலைமையிலான குடும்பங்களில் பலன் அதிகமாக இருந்ததாகவும் கண்டார்கள். நூற்றுக்கு இரண்டு குடும்பம் என்பது ஒரு தொழில்நுட்பத்துக்கு மிகப் பெரிய வெற்றிதான். ஆனால் மீதி 98 குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்காமல் "வறுமை ஒழிந்தது" என்று எழுதுவது, கட்டுரையாசிரியர்களே உரிமை கோராத ஒன்றை அவர்கள் வாயில் திணிப்பதாகும்.

இந்த மதிப்பீடும் மறுப்பின்றி நின்றுவிடவில்லை. மில்ஃபோர்ட் பேட்மன், மாரென் டுவெண்டாக், நிக்கலஸ் லூபியர் ஆகிய மூவர் 2019-இல் ஆப்பிரிக்க அரசியல் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் இதை விரிவாக எதிர்த்து எழுதினார்கள். புதிதாகத் திறந்த சிறு கடைகளைக் கணக்கிட்டவர்கள், அவற்றால் மூடப்பட்ட பக்கத்துக் கடைகளைக் கணக்கிட்டார்களா, தோற்றுப்போன தொழில்கள் எங்கே, கூடிய கடன் எங்கே, சேவைக் கட்டணமாக ஏழைகளிடமிருந்து திரளும் இலாபத்தில் எவ்வளவு நாட்டைவிட்டு வெளியேறுகிறது என்பன அவர்களுடைய கேள்விகள். எல்லாக் கேள்விகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சில இடங்களில் அவர்கள் எழுதிய தொனி ஆய்வாளர்க்கு உரியதாகவும் படவில்லை. இருந்தாலும் கடனைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் இம்மடலை எழுதத் தூண்டியது.

பணம் அனுப்பும் வழியாகத் தொடங்கியது கடன் கொடுக்கும் வழியாக மாறுவதற்கு ஐந்தாண்டுகளே பிடித்தன. 2012-இல் எம்-ஷ்வாரி என்ற சேவை வந்தது. அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை, மேலாளரின் அறைவாசலில் காத்துக் கிடக்க வேண்டியதும் இல்லை. கைபேசியை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்ற பதிவை வைத்தே கடன் வரம்பு தீர்மானிக்கப்பட்டது. 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதம் சேவைக் கட்டணம் வாங்கினார்கள். அதற்கு வட்டி என்று பெயரில்லை. மாதந்தோறும் புதுப்பித்துக்கொண்டே போனால் ஆண்டுக்கு 90 சதவீதம் ஆகிறது என்பதை நம் பக்கத்துக் கணக்கப்பிள்ளை எவரும் விரல் மடக்காமலே சொல்லிவிடுவார். இக்கடன் கிடைத்த குடும்பங்கள் நெருக்கடி நேரத்தில் மருத்துவம், பள்ளிக்கட்டணம் போன்ற செலவுகளைக் கைவிடுவது குறைந்தது என்று சூரி உள்ளிட்டோர் 2021-இல் காட்டியிருப்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். அது ஒரு வங்கி ஈடுபட்டிருந்த, சிறு தொகைக்கான, கட்டுப்பாடுள்ள கடன். அதன் பின்னால் எவ்வித மேற்பார்வையும் இல்லாத கடன் செயலிகள் கும்பலாக வந்து நுழைந்தன. கட்டத் தவறியவரின் கைபேசியில் உள்ள எண்களுக்கெல்லாம், முதலாளிக்கும் மாமியாருக்கும் உட்பட, அழைத்து மானத்தை வாங்கும் வசூல் முறை அங்கே தலையெடுத்தது. சொற்பப் பாக்கிக்காகக் கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் பெருகவே, 1,000 ஷில்லிங்குக்குக் குறைவான பாக்கிக்கு எவர் பெயரையும் அப்பட்டியலில் சேர்க்கக் கூடாதென்று கென்ய மத்திய வங்கி 2020 ஏப்ரலில் ஆணையிட்டது. ஒழுங்குமுறைக்கு உட்படாத செயலிகள் அந்நிறுவனங்களுக்குத் தகவல் தருவதையும் தடுத்தது. 2022-இல் மின்வழிக் கடன் வழங்குவோர்க்கு உரிமம் கட்டாயமாயிற்று. அதே 2022-இல்தான் நம் ரிசர்வ் வங்கியும் மின்வழிக் கடனுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மானத்தை வாங்கும் வசூல் என்றால் என்னவென்று காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் குடும்பங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அனுப்புவதும் கடன் கொடுப்பதும் ஒரே வழியில் செல்லும்போது முன்னதன் நற்பெயரைப் பின்னது எடுத்துக்கொள்கிறது. நம் வட்டார வரலாற்றை அறிந்தவர்க்கு இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டும், கடைக்குக் கடை வைத்திருந்த நடப்புக் கணக்கும், கோயிலில் கூடி நிர்ணயித்த நடப்பு வட்டியும் அக்காலத்தின் மிகச் சிறந்த பணப் போக்குவரத்து ஏற்பாடாக இருந்தன. அந்த ஏற்பாட்டின் வழியே சென்ற மூலதனம்தான் பர்மாவின் ஐராவதி வடிநிலத்தை உலகின் நெற்களஞ்சியமாக்கியது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் எடுத்த கணக்கின்படி, அங்கே செட்டியார் தொழிலில் இருந்த மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம்தான் திரும்பி வந்தது. கீழ் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலத்தின் 6 சதவீதமே செட்டியார் கையில் இருந்தது; 1937-38-இல் அது 25 சதவீதமாயிற்று. விரும்பி வாங்கிய நிலமல்ல அது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது. அதன் பின் என்ன நடந்தது என்பதை நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் பூட்டிக் கிடக்கும் அறைகளே சொல்லும். உண்டியல் முறை எவ்வளவு திறமையானது என்று மட்டும் ஒருவர் 1928-இல் ஆய்வு செய்திருந்தால் அவர் முடிவு முற்றிலும் சரியாகவே இருந்திருக்கும். 1938-இல் அதைப் படிப்பவருக்கு அது போதுமானதாக இருந்திராது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பர்மாத் தொழிலைப் பற்றி இன்று உலக அறிஞர்கள் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த விசாரணைக் குழுவின் அறிக்கையிலிருந்து வந்தது. அரசு கேட்ட கேள்விகளுக்கு அரசுக்கு வேண்டிய வகையில் எழுதப்பட்ட பதில்கள் அவை. கடைகளின் உள்விவரம் பேரேடுகளில் இருந்தது. என் பாட்டனார் பர்மாவின் பெகு நகரில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவர் கையெழுத்தில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு குறிப்பேட்டில் தமிழ் மாதமும் தேதியும், தமிழ் எண்களில் வரவும் பற்றும், வாங்கியவரின் பெயருக்கு நேரே ஊரும், ஈடாக வைத்த வளையலின் எடையும் வரிசையாக இருக்கின்றன. நடுவில் ஒரு மாதம் முழுதும் வரவே இல்லாமல் பற்று மட்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஏடுகள் பல வீடுகளில் இருந்தன. தலைமுறை மாறி வீடு பிரிக்கப்படும்போது அவை எடைக்குப் போய்விடுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் மரத்தூணுக்கும் பீங்கான் ஜாடிக்கும் இருக்கும் மதிப்பு அவற்றுக்கு இல்லை.

ஆப்பிரிக்காவிலும் கேள்வி கேட்பவர் ஓரிடத்திலும், பதில் சொல்பவர் மற்றோரிடத்திலும் இருப்பதே நெடுங்காலச் சிக்கல். செனகலின் டக்காரில் 1973-இல் தொடங்கப்பட்ட கோடெஸ்ரியா என்ற சமூக அறிவியல் ஆய்வு மன்றமும், நைரோபியில் 1988-இல் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பும் இந்நிலையை மாற்றவே உழைத்து வருகின்றன. மலாவியின் வேர்களைக் கொண்ட பொருளியல் அறிஞர் தாண்டிகா ம்கண்டவிரே, ஆப்பிரிக்க அரசுகளால் வளர்ச்சியை முன்னின்று நடத்த இயலாது என்ற வாதங்களைத் தொடர்ந்து மறுத்து எழுதினார். முன்னணி ஆய்விதழ்களில் ஆப்பிரிக்கா பற்றிய கட்டுரைகளில் ஆப்பிரிக்காவில் பணியாற்றும் அறிஞர்களின் பெயர் மிகக் குறைவாகவே வருகிறது என்று ஸாம்பியாவின் பொருளியலாளர் கிரீவ் செல்வா எடுத்துக்காட்டியிருக்கிறார். (சூரி அவர்களே கென்யாவைச் சேர்ந்தவர்தாம் என்பதைத் தங்கள் கட்டுரையில் "அமெரிக்கப் பேராசிரியர்கள்" என்ற சொல் மறைத்துவிட்டது.)

கேள்வி கேட்பவர் தொலைவில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 2020-இல் பெரும் கண்டனத்துக்கு உள்ளான நைரோபி குடிநீர்ச் சோதனை ஒன்று போதும். குடிநீர்க் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் வழிகளைச் சோதிப்பதற்காக, கயோலே-சொவெட்டோ என்ற குடிசைப் பகுதியில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வீட்டு உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை கொடுத்து, கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டித்தார்கள். பாக்கி வைத்தவர் வீட்டுக்காரர். தண்ணீரை இழந்தவரோ வாடகைக்கு இருந்தவர். வசூல் கூடியது என்று முடிவு வந்தது. சம்பந்தப்பட்ட ஆய்வாளர்கள் பின்னர் தங்கள் நெறிமுறைகளை விளக்கி அறிக்கை வெளியிட்டார்கள். அந்த விளக்கத்தைப் படித்தேன்; எனக்கு அது நிறைவளிக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவமுள்ள ஒருவர் அந்த ஆய்வுக் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் அத்திட்டம் வேறு வடிவம் பெற்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

புள்ளிவிவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் கட்டுரை கானா, நைஜீரியா ஆகிய நாடுகளின் வளர்ச்சி விகிதத்தைப் பட்டியலிட்டுத் தொழில்நுட்பத்தோடு தொடர்புபடுத்துகிறது. 2010 நவம்பரில் கானா தன் தேசிய வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது உள்நாட்டு உற்பத்தி சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. 2014 ஏப்ரலில் நைஜீரியா அவ்வாறே செய்தபோது 89 சதவீதம் கூடி, தென்னாப்பிரிக்காவை மிஞ்சி, கண்டத்தின் மிகப் பெரிய பொருளாதாரமாயிற்று. அன்றிரவு எந்த விவசாயியும் ஒரு மூட்டை கூடுதலாக விற்கவில்லை. பழைய கணக்கில் வராத கைபேசித் தொழிலும் சேவைத் தொழில்களும் புதிய கணக்கில் வந்தன, அவ்வளவே. இக்குறைபாடுகளை பொருளாதார வரலாற்றாசிரியர் மோர்டென் ஜெர்வென் 2013-இல் ஒரு நூலாகவே எழுதினார். இத்தகைய எண்களை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு வரைபடம் போடும்போது அடிக்குறிப்பாவது வேண்டும்.

இவ்வளவும் எழுதியது தொழில்நுட்பம் பயனற்றது என்று சொல்வதற்காக அன்று. நைஜர் நாட்டில் 2001-க்கும் 2006-க்கும் இடையே கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வோர் ஊராக வந்தபோது, தானியச் சந்தைகளுக்கிடையே இருந்த விலை வேறுபாடு 10 முதல் 16 சதவீதம் வரை குறைந்ததை பொருளியலாளர் ஜெனி ஏக்கர் 2010-இல் காட்டினார். தொலைதூரச் சந்தைகளிலும் சாலை மோசமான சந்தைகளிலும் பலன் கூடுதலாக இருந்தது. வியாபாரி ஒரு சந்தைக்குப் பதிலாக நாலு சந்தையின் விலையைக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார் என்பதே காரணம். இது போன்ற ஆய்வுகளில் எது யாருக்கு எவ்வளவு பலன் தந்தது என்பது தெளிவாக இருக்கிறது. அதை அப்படியே எழுதினாலே வாசகர் வியப்பார், மிகைப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது ஆய்வு வெளியான ஆண்டு, இதழ், எத்தனை குடும்பங்களை எந்தக் காலத்தில் பார்த்தார்கள், யார் நிதி கொடுத்தார்கள் என்பவற்றை ஒரு சிறு கட்டத்திலாவது அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, அக்கட்டுரையை எழுதியவர் அடுத்த பகுதியில் மின்வழிக் கடனைப் பற்றித் தனியே எழுதினால் நன்றாக இருக்கும். கென்ய மத்திய வங்கியின் 2020, 2022 நடவடிக்கைகளையும் நம் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, வசூலுக்கு வரும் அழைப்பை எங்கே புகார் செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால், இங்குள்ள மகளிர் குழுக்களில் அதைப் படித்துக் காட்டுவதற்கு நானே ஏற்பாடு செய்கிறேன். மேலே குறிப்பிட்ட கட்டுரைகளின் நகல்கள் என்னிடம் உள்ளன. தங்கள் அலுவலகம் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்,
தேவகோட்டை.